உப்புத் தண்ணீர் வீட்டில் டிராவர்டைன்

மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் ஐயப்பன்தாங்கலைத் தாண்டினால் காட்டுப்பாக்கம். தனி வீடுகளும் சிறு அடுக்ககங்களும் ஓயாமல் எழும்பிக்கொண்டிருக்கும் ஊர். இங்கே வீடு கட்டுகிறவர்கள் தரைக்குக் கல் பார்க்கப் போனால் நிறம், சதுர அடி விலை, பளபளப்பு ஆகியவற்றை விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெண்ணெய் நிறத்தில் மெல்லிய வரிகளோடு சாய்த்து வைத்திருக்கும் டிராவர்டைன் ஸ்லாபைப் பார்த்ததும் மனம் அதில் விழுந்துவிடுவதும் இயல்புதான். ஆனால் அந்தக் கல் நம் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதற்கான விடை கடையில் கிடைக்காது. அது மொட்டைமாடித் தொட்டியில் இருக்கிறது. குழாயில் வருவது எவ்வளவு உப்பான தண்ணீர், அந்த உப்பு படிந்தால் எதைப் போட்டுத் தேய்க்கிறீர்கள் என்ற இரண்டுக்கும் பதில் தெரியாமல் இந்தக் கல்லுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. எந்த இடத்தைச் சுத்தம் செய்ய ஆசிட்டே தேவைப்படாதோ அந்த இடத்துக்கு டிராவர்டைன் நல்ல கல். ஆசிட் இல்லாமல் சமாளிக்க முடியாத இடத்தில் எவ்வளவு விலை உயர்ந்த ரகமாக இருந்தாலும் அது வீண். இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு விதியின் விளக்கம்தான்.

டிராவர்டைன் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தது. நிலத்தடியில் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் ஊடுருவிய நீர், கரியமில வாயுவின் துணையால் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு ஊற்றாக வெளியே வருகிறது. காற்றுப் பட்டதும் வாயு பிரிந்துபோகிறது. அதற்குமேல் கால்சியத்தைக் கரைசலாக வைத்திருக்க நீருக்கு முடிவதில்லை. அது கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. இப்படி அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இந்தக் கல். படியும்போது சிக்கிய வாயுக் குமிழிகளும், உள்ளே மாட்டி மட்கிப்போன பாசியும் தண்டும் இலையும் விட்டுச்சென்ற வெற்றிடங்களே அதன் துளைகள். ரோமுக்கு அருகில் உள்ள டிவோலியும் துருக்கியின் டெனிஸ்லி வட்டாரமும் இதற்குப் பேர்போனவை. டெனிஸ்லியை ஒட்டிய பாமுக்கலேயில் வெந்நீர் ஊற்றுகள் மலைச்சரிவில் வெள்ளை வெளேரென்று படிக்கட்டுத் தொட்டிகளை இன்றும் கட்டிக்கொண்டிருக்கின்றன. சரி, இதற்கும் காட்டுப்பாக்கத்துக்கும் என்ன தொடர்பு? கீசரின் கம்பிச்சுருளில் ஏறும் வெள்ளைக் கட்டியும், ஷவர் துளைகளை அடைக்கும் பொருக்கும், குளியலறைக் குழாயின் அடியில் வழியும் வெள்ளைக் கோடும் பெரும்பாலும் இதே கால்சியம் கார்பனேட்தான். பாமுக்கலேயில் நடக்கும் அதே வேதிவினை நம் குளியலறையில் சின்ன அளவில் தினமும் நடக்கிறது. ஆகவே அந்தப் பொருக்கைக் கரைக்கும் எந்தத் திரவமும் டிராவர்டைனையும் கரைக்கும். படிந்த உப்பு எது, விலை கொடுத்து வாங்கிய கல் எது என்று பிரித்துப் பார்க்க ஆசிட்டுக்குத் தெரியாது.

இந்தப் பகுதியில் பல வீடுகளுக்குப் போர் தண்ணீரே ஆதாரம். அது குறையும் கோடையில் லாரித் தண்ணீர். மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி இருந்தாலும் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் குழாயில் ஏரித் தண்ணீர் வந்துவிடுவதில்லை. குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம், 2012-ஆம் ஆண்டின் ஐஎஸ் 10500, மொத்தக் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உங்கள் போர் எந்த எண்ணில் நிற்கிறது என்பதைப் பக்கத்துத் தெருவின் அனுபவத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். ஆழம் மாறினால், பருவம் மாறினால் எண்ணும் மாறும். ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் செலவு ஒரு சதுர அடிக் கல்லின் விலையை ஒட்டித்தான் வரும். கோடையில் எடுத்த மாதிரியும் மழைக்குப் பிறகு எடுத்த மாதிரியும் இருந்தால் இன்னும் நல்லது. ஆர்.ஓ. விற்கிறவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டர் இதற்குப் போதாது. அது கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் காட்டும். அதில் கால்சியமும் மக்னீசியமும் எவ்வளவு என்று சொல்லாது.

எண்ணின் பொருளை ஒரு கணக்கால் பார்க்கலாம். கடினத்தன்மை 600 என்று வைத்துக்கொள்வோம். தினமும் தரை துடைத்தபின் ஒரு லிட்டர் தண்ணீர் தரையிலேயே காய்கிறது என்றால், கால்சியம் கார்பனேட் கணக்கில் நாளொன்றுக்கு 0.6 கிராம், ஆண்டுக்கு 200 கிராமுக்கு மேல். அத்தனையும் சீராகப் பரவிக் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தண்ணீர் தேங்கும் மூலையிலும் துளைகளின் விளிம்பிலும் சேர்ந்து சாம்பல் பூத்தாற்போல் நிற்கும். குளியலறையில் காய்வது ஒரு லிட்டரோடு நிற்பதில்லை. அங்கேதான் ஆசிட் நுழைகிறது. கழிவறை சுத்தம் செய்யப் பாட்டிலில் விற்கும் திரவங்கள் பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. தெருவில் கூவி விற்கும் ஆசிட்டிலும் அதேதான். 2013-இல் உச்ச நீதிமன்றம் ஆசிட்டின் சில்லறை விற்பனைக்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. அது மனிதர்களைக் காப்பதற்கான உத்தரவு. சுத்தம் என்றால் நுரை பொங்க வேண்டும் என்ற வீட்டுப் பழக்கத்தை அது மாற்றிவிடவில்லை. அந்த நுரை உப்பிலிருந்து வெளியேறும் கரியமில வாயு. டிராவர்டைன் மேல் ஆசிட் ஊற்றினாலும் அதே நுரை பொங்கும், பொங்குவது கல்.

வீரியமுள்ள ஆசிட் கல்லைத் தின்னும் என்பதை யாரும் ஒப்புக்கொள்வார்கள். நம் சமையலே அமிலச் சமையல் என்பதுதான் பலர் யோசிக்காத சங்கதி. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பிஹெச் கணக்கில் இரண்டைச் சற்றுத் தாண்டி நிற்கும். புளிக்கரைசல் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். தயிரும் புளித்த இட்லி மாவும் நாலரையை ஒட்டி. இரவு பாத்திரத்தில் பொங்கிய மாவு மேடையில் வழிந்து காலைவரை கிடக்கிறது. காலையில் ஈரத்துணியால் துடைத்தால் மாவு போய்விடும். பாத்திரத்தின் அடிவட்டத்தை ஒட்டி ஒரு மங்கிய வளையம் மட்டும் நிற்கும். அதைக் கறை என்று நினைத்துத் தேய்க்கிறார்கள், போகாது. மேற்பரப்பின் ஒரு மெல்லிய படலம் கரைந்துபோன இடத்தில் போவதற்கு என்ன இருக்கிறது? குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்து அப்படியே தரையில் வைத்தாலும் இதே கதை. வெள்ளிக்கிழமை நிலைப்படியில் குங்குமம் தடவி வைக்கும் எலுமிச்சை மூடிகள், ஆயுதபூஜை அன்று கார்ச் சக்கரத்தின் கீழ் நசுங்கும் எலுமிச்சை என்று கணக்கெடுத்துப் பார்த்தால், வாசலிலிருந்து அடுப்படி வரை இந்தக் கல்லுக்கு ஆகாத இடங்கள் தாமாகவே தெரியவரும்.

ரோமின் கொலோசியம் இந்தக் கல்லில் கட்டியது, ஏறக்குறைய 2,000 ஆண்டுகளாக நிற்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. கடைக்காரர்களும் இதைத் தவறாமல் சொல்வார்கள். கேள்வி நியாயமானது. கி.பி. 80-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கின் வெளிச்சுவருக்கு டிவோலிப் பகுதியின் கல் சுமார் 1,00,000 கன மீட்டர் ஆயிற்று என்பார்கள். ஆனால் அங்கே நிற்பவை பாரம் தாங்கும் பெருங்கட்டிகள். அவற்றின் மேற்பரப்பு சில மில்லிமீட்டர் கரைந்தாலும் யாரும் வருந்தப் போவதில்லை. பளபளப்பை அவற்றிடம் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நாம் வாங்குவதோ 18 அல்லது 20 மில்லிமீட்டர் ஸ்லாப். அதன் விலை முழுக்க மேற்பரப்பில் இருக்கிறது. நூற்றாண்டுகளின் புகையும் தூசியும் ஏறிக் கறுத்திருந்த கொலோசியத்தின் வெளிச்சுவரை 2016-இல் முடிந்த பணியில் சுத்தம் செய்தபோது, தண்ணீரைப் பனிபோலத் தெளித்து அழுக்கை ஊறவைத்துத் தூரிகையால் எடுத்தார்கள். இவ்வளவு அழுக்கேறிய சுவருக்கே அந்த நிதானம். லாஸ் ஏஞ்சல்ஸில் 1997-இல் திறந்த கெட்டி மையத்திலும் டிவோலிக் கல்தான்; பிளந்த முகத்தோடு, சொரசொரப்பாகவே பெரும்பகுதிச் சுவரில் பதித்திருக்கிறார்கள். இந்த உதாரணங்கள் கல் உறுதியானது என்பதைக் காட்டுகின்றன. அதை நான் மறுக்கவில்லை. புளியும் கழிவறை ஆசிட்டும் படும் மெருகேற்றிய தரைக்கு அவற்றிலிருந்து உறுதிமொழி எதுவும் கிடைக்காது.

இன்னொரு மறுப்பு சீலரைப் பற்றியது. நல்ல சீலர் அடித்துவிட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். இது பாதி உண்மை, அதனாலேயே ஆபத்தானது. கல்லுக்குள் ஊறும் வகைச் சீலர் நுண்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொண்டு நீரும் எண்ணெயும் உள்ளே இறங்குவதைத் தாமதப்படுத்துகிறது. காபி சிந்தினால் துடைக்க அவகாசம் கிடைக்கும். அந்த அளவுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் மேற்பரப்பில் இருக்கும் கால்சியம் கார்பனேட் வெளியே தெரிந்தபடியேதான் இருக்கிறது. எலுமிச்சைச் சாறு அதைத் தொடுவதைச் சீலர் தடுக்காது. கறைக்குச் சீலர் மருந்து, அரிப்புக்கு அது மருந்தில்லை. மேலே படலமாக நிற்கும் பூச்சுகள் அமிலத்தைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் காலடி பட்டு உரியும். தரைத்தளத்தில் கீழிருந்து ஏறும் ஈரம் அதற்கடியில் சிக்கிக்கொண்டு வெண்மேகம்போலத் தெரியும். வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலே ஏறும் இந்தப் பகுதியில் தரைத்தளத்துக்குப் படலப் பூச்சை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கடைசியாக ஒரு பழைய நியாயம்: நம் வீடுகளில் கடப்பா கல் காலங்காலமாக இருக்கவில்லையா, செட்டிநாட்டு வீடுகளில் இத்தாலிய மார்பிள் இல்லையா? கடப்பாவும் சுண்ணாம்புக் கல்தான். பழைய சமையல் மேடைகளைக் கவனித்தால் அடுப்புக்குப் பக்கத்தில், காய் நறுக்கிய இடத்தில், கறுப்புக் கல் வெளுத்திருப்பது தெரியும். அதைக் குறையாக யாரும் எண்ணியதில்லை. மலிவான கல், உழைக்க வந்த கல், வெளுத்தால் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு மறந்துவிடலாம். செட்டிநாட்டில் மார்பிள் விரித்தது பெரும்பாலும் விருந்தினர் அமரும் முகப்புகளிலும் பட்டாலைகளிலும்; சமையல்கட்டு பின்கட்டில் தனியே இருந்தது. அவர்கள் இடம் பார்த்துக் கல் போட்டவர்கள். கிரானைட்டோ இன்னொரு கணக்கு. நம் சாலையின் மறுமுனையான பரங்கிமலையிலும் அதை அடுத்த பல்லாவரத்திலும் கிடைக்கும் பாறை, கிரானைட் இனத்தைச் சேர்ந்த சார்னகைட். 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து அதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார். கல்லறைக்கான கல் போனது இந்தப் பக்கத்திலிருந்து. குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் முக்கியக் கூறுகளாக உள்ள அந்தப் பாறையில் கரைவதற்குச் சுண்ணாம்பு இல்லை. தமிழ்நாட்டுச் சமையல் மேடைகள் கறுப்புக் கிரானைட்டுக்கு மாறியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. புளி தோற்றுப்போகும் கல் அது.

அப்படியானால் எந்த அறையில் போடலாம்? வரவேற்பறைச் சுவர், டிவிக்குப் பின்னால் உள்ள சுவர், படுக்கையறைத் தரை, மாடிப்படிச் சுவர் ஆகியவை ஏற்றவை. இவற்றில் தண்ணீர் தேங்காது, ஆசிட் தேவைப்படாது. சுவரில் பதிக்கும்போது எடையை மறக்க வேண்டாம்: 20 மில்லிமீட்டர் கல் ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. உயரமான சுவரில் பசையை மட்டும் நம்பாமல் துருப்பிடிக்காத எஃகுப் பிடிப்புகளும் கொடுக்க வேண்டும். வரவேற்பறைத் தரையில் போடலாம், வாசல் மிதியடிக்குப் பிறகு. தெருமண்ணில் உள்ள குவார்ட்ஸ் மணலின் கடினம் மோஸ் அளவில் ஏழு, டிராவர்டைன் மூன்று நான்கு. செருப்பில் ஒட்டிவரும் மணல் அதை உப்புத்தாள்போல உரசும். சமையலறை மேடை, வாஷ்பேசின் மேடை, குளியலறைத் தரை, போர்டிகோ, நிலைப்படி ஆகிய ஐந்தும் கூடாது. பூஜையறை நடுவில் நிற்கிறது. சுவரில் போடலாம். தரையில் போட்டால் விளக்குக்குக் கீழே தாம்பாளம் எப்போதும் இருக்க வேண்டும். நல்லெண்ணெய் ஒருமுறை ஊறினால் அந்தக் கருவட்டத்தை எடுப்பது பெரும்பாடு. வீடு முழுக்க மென்னீர்க் கருவி வைத்திருக்கிறோம், குளியலறைச் சுவரிலாவது போடக் கூடாதா என்று கேட்டால், அந்தக் கருவிக்கு உப்பு போட்டு மீளூட்டம் செய்யும் வேலையை யார் தவறாமல் பார்ப்பார்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஆள் இருந்தால் சுவரில் போடலாம். உப்பு தீர்ந்த மறுநாளிலிருந்து அது வெறும் தொட்டி.

வாங்கும்போது மெருகைவிட முகம் முக்கியம். கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ் முகத்தில் ஒவ்வொரு அரிப்பும் கீறலும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். ஹோன்டு என்று கடையில் சொல்லும் மங்கிய முகத்தில் அவை அடங்கிப்போகும்; பிறகு சரிசெய்வதும் எளிது. தரைக்கு ஹோன்டு முகமே என் தேர்வு. பழமைத் தோற்றத்துக்காக விளிம்பு உருட்டிய டம்பிள்டு ரகம் சுவருக்கு அழகு, தரையில் துடைப்பத்துக்கு எதிரி. துளைகளை நிரப்பிய ரகம், நிரப்பாத ரகம் என இரண்டு உண்டு. நம் ஊர்த் தூசிக்கும் எறும்புக்கும் தரையில் நிரப்பாத ரகம் தாங்காது. நிரப்பியதிலும் சிமெண்ட்டா ரெசினா என்று கேளுங்கள். சிமெண்ட் நிரப்பு கல்லோடு நிறத்தில் இசையும், நாளாவட்டத்தில் உதிரும். ரெசின் கெட்டியாக நிற்கும், வெயில் படும் ஜன்னலோரத்தில் மஞ்சளாகலாம். ஸ்லாபின் இருபுறமும் பார்த்து, பின்பக்கத்துத் துளை முன்பக்கம் வரை ஊடுருவி நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடுக்குகளுக்குக் குறுக்கே அறுத்தால் நேர்வரிகள் வரும். அடுக்கின் போக்கில் அறுத்தால் மேகம் படர்ந்தாற்போல் இருக்கும். நேர்வரிக் கல்லில் வரியை ஒட்டி உடையும் வாய்ப்பு அதிகம் என்பதால் நீளமான படிகளுக்கு அதை எடுக்க வேண்டாம்.

கடையில் ஒரு துண்டு மாதிரி கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாதியில் சீலர் தடவி ஒருநாள் காயவிட்டு, இரு பாதிகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர், ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் கால்மணி நேரம் கழித்துத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தண்ணீரும் எண்ணெயும் சீலர் இல்லாத பாதியில்தான் கருமை காட்டும். எலுமிச்சை இரண்டு பாதியிலும் தடம் விட்டிருக்கும். மேலே சொன்ன வாதம் முழுவதையும் இந்தத் துண்டு குடும்பத்தாருக்குச் சொல்லிவிடும். அந்தத் தடத்தைப் பார்த்தபிறகும் பிடித்திருக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். தடம் விழவே இல்லையென்றால், உங்களிடம் கொடுத்தது டிராவர்டைன் தோற்றத்தில் அச்சிட்ட விட்ரிஃபைடு டைல்ஸாக இருக்கக்கூடும். அப்படி ஒன்றை வேண்டுமென்றே வாங்குவதில் குறைவு ஒன்றும் இல்லை. கல்லின் ஆழமும் தொடுகைக் குளிர்ச்சியும் அதில் கிடைக்காது, ஒரே வரி நாலாவது டைலில் திரும்பவும் வரும். ஆனால் குளியலறைக்கும் போர்டிகோவுக்கும் அந்த நிறம்தான் வேண்டுமென்றால் அதுவே சரியான பதில்.

இந்தக் கல் முதன்முதலில் கெடுவது பெரும்பாலும் பதிக்கும் கட்டத்தில்தான். சாம்பல் சிமெண்ட் கலவையில் பதித்தால் அதன் நிழல் வெளிர்கல்லின் வழியே மேலே தெரியும். வெள்ளை அட்ஹெசிவ் வேண்டும், அதைப் புள்ளி புள்ளியாக வைக்காமல் அடி முழுக்கப் பரப்ப வேண்டும். வெற்றிடம் விட்டுப் பதித்த இடத்தில் கட்டில் கால் அழுத்தினால் துளைக்கு மேலுள்ள மெல்லிய கூரை உடைந்து குழி விழும். இறக்குமதி ஸ்லாபின் பின்னால் ஒட்டியிருக்கும் வலையில் சாதாரண சிமெண்ட் பிடிக்காது. வலையை எடுத்துவிட வேண்டும் அல்லது எபாக்ஸிப் பசை பயன்படுத்த வேண்டும். தரைத்தளத்தில் கீழே ஈரத்தடுப்பு இல்லாமல் கல் போட்டால், மண்ணிலிருந்து ஏறும் ஈரம் உப்பைத் தூக்கிவந்து மேலே பூக்கவைக்கும். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. டைல்ஸ் வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் வாஷ் அடித்து ஒப்படைப்பது இங்கே வழக்கம். பதிக்கிற மேஸ்திரி நல்லெண்ணத்தோடுதான் செய்வார். டிராவர்டைன் தரையில் அந்த ஒரு மணி நேரம் போதும். முகம் சொரசொரத்து, நிரப்பு தனியே துருத்திக்கொண்டு நிற்கும். மொசைக் தரைக்குப் பழகிய ஆக்சாலிக் ஆசிட் மெருகையும் இதில் கைப்பழக்கமாகப் போடவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் 'இந்தத் தரைக்கு எந்த ஆசிட்டும் கூடாது' என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள், மேஸ்திரியிடம் நேரிலும் சொல்லுங்கள். கல் வேலை முடிந்தபின் பெயின்ட், மின்வேலை நடக்கும் வாரங்களில் தரைமேல் பிளாஸ்டிக் விரிப்பும் அதன்மேல் ஜிப்சம் பூச்சும் போட்டு மூடும் பழக்கம் நல்லதுதான், விரிப்பு கிழியாமல் இருக்கும்வரை.

பராமரிப்பு என்பது பெரும்பாலும் செய்யாமல் இருப்பதில் இருக்கிறது. தினமும் மென்மையான துடைப்பத்தால் பெருக்கி மணலை எடுப்பதுதான் தலையாய வேலை. ஈரத்துடைப்பு அதற்கு அடுத்தது. துடைக்கிற தண்ணீரைக் கவனியுங்கள். ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துத் தரை துடைப்பது பல வீடுகளின் வழக்கம், மற்ற தரைகளுக்கு அது சிக்கனமும்கூட. ஆனால் அதில் போர் தண்ணீரைவிட உப்பு செறிந்திருக்கும். டிராவர்டைனுக்கு அது வேண்டாம், செடிக்கும் அளவாகத்தான். இதற்கு மாற்றாக ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இருக்கிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து வந்தது என்பதால் அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை, மாதக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கிறது. 2003-இல் தமிழ்நாடு முழுவதும் கட்டாயமான மழைநீர் சேகரிப்பில் நிலத்துக்குள் விடுவதோடு ஒரு தொட்டியும் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தண்ணீரும் ஏற்றது. துடைத்தபின் தானாகக் காயவிடாமல் உலர்ந்த துணியால் இன்னொரு முறை ஒற்றிவிட்டால் உப்பு தங்காது. சோப்புத் திரவம் நடுநிலை வகையாக இருக்க வேண்டும். எலுமிச்சைப் படம் போட்ட பாட்டிலில் வாசனை மட்டுமா, சிட்ரிக் அமிலமும் உண்டா என்று பின்பக்க எழுத்தைப் படிக்க வேண்டும். வினிகர் கூடாது. இயற்கையானது என்பதால் பூந்திக்கொட்டைக் கரைசலை நம்புகிறவர்கள் உண்டு; அதுவும் இலேசான அமிலமே. வேலைக்கு வரும் அம்மாவிடம் ஆசிட் பாட்டிலைக் காட்டி 'இது கழிவறைக்கு மட்டும்' என்று சொல்வதைவிட, அந்தப் பாட்டிலைக் கழிவறையை விட்டு வெளியே வராதபடி அங்கேயே ஓர் அலமாரியில் வைப்பது பயன் தரும்.

கறை விழுந்தால் அது எண்ணெயா, சாயமா, துருவா, அரிப்பா என்று பிரித்துப் பார்த்தபிறகே கை வைக்க வேண்டும். எண்ணெய்க்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தோசைமாவுப் பதத்தில் தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு ஒருநாள் விட்டு, பிறகு திறந்து காயவிட்டு எடுங்கள். உறிஞ்சுவது காயும்போதுதான் நடக்கிறது. ஆழமான கறைக்கு இரண்டு மூன்று தடவை தேவைப்படலாம். மஞ்சள், காபிக் கறைக்கு அதே பசையை மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடில் குழைக்கலாம், மூலையில் ஒரு சிறு இடத்தில் சோதித்த பிறகு. துருவுக்குத்தான் வழியில்லை. இரும்பு பீரோவின் கால், சிலிண்டரின் அடிவளையம், மழைக்காலத்தில் ஈரத் தரையில் விடும் செந்நிற வட்டத்தைப் போக்க விற்கும் மருந்துகள் பெரும்பாலும் அமிலமே. ஆகையால் பீரோ காலுக்கு ரப்பர் குப்பி முன்கூட்டியே மாட்டிவிடுவது நல்லது. அரிப்புத் தடத்துக்குத் துணியால் தேய்ப்பது வீண். ஹோன்டு முகமென்றால் கல் பாலிஷ் போடுகிறவர் வைரத்தகடுகளால் அந்த இடத்தையும் சுற்றியும் சமமாக இழைத்துத் தருவார். எந்த எண் தகட்டில் நிறுத்தினார் என்று கேட்டுக் குறித்துவைத்துக்கொண்டால் அடுத்த முறை வேறு ஆள் வந்தாலும் முகம் மாறாது. ஆண்டுக்கொரு முறை தண்ணீர்ச் சொட்டுச் சோதனை. பத்து நிமிடத்தில் கருத்தால் மறுபடி சீலர், கருக்கவில்லையென்றால் வேண்டாம். தேவையில்லாமல் அடித்த சீலர் பிசுபிசுப்பாக நின்று தூசி பிடிக்கும்.

வாடகைக்கு விடுவதற்கென்று கட்டும் மாடிப் போர்ஷனில் இந்தக் கல்லைப் போட வேண்டாம். குடியிருப்பவர் தன் வழக்கப்படிதான் சுத்தம் செய்வார். அதற்காக அவரைக் கடிந்துகொள்வதில் நியாயம் இல்லை. உங்கள் வீட்டில் போடுவதென்றால் தேவைக்கு மேல் பத்து சதவீதம் சேர்த்து வாங்கி, அதே ஸ்லாபின் மீதித் துண்டுகளில் நாலைந்தைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை கடைக்குப் போனால் அதே பெயரில் வேறு நிறம்தான் இருக்கும். துண்டுகளைப் படுக்கவைக்காமல் சுவரில் சாய்த்து, முகத்தோடு முகம் பார்க்க, இடையில் அட்டை கொடுத்து வையுங்கள். இரும்பு ரேக்கில் வேண்டாம், மரச்சட்டத்தின் மேல்.